ஐயாவைவிட ஒரு விரற்கடை தாழ்வாக

நான் கொஞ்சம் உயரம். பெண் பார்க்க வந்தவர்களில் சிலர் பஜ்ஜியைத் தின்றுவிட்டு அதையே சாக்காகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். அதற்கெல்லாம் நான் அலட்டிக்கொண்டதில்லை. வேலை பார்க்கிற இடத்திலும் அது குற்றமாகும் என்று மட்டும் நினைக்கவில்லை.

தனியார் பள்ளி ஒன்றின் ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். பள்ளி திறந்ததிலிருந்து மூடும்வரை மார்க் பட்டியல், அட்மிஷன், டி.சி. என்று பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடது கால் மரத்துப்போய் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், முதுகுத்தண்டில் ஜவ்வு விலகியிருக்கிறது, இப்படியே உட்கார்ந்து வேலை பார்த்தால் ஆபரேஷன்தான் என்றார். ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் படுக்கை. அதுவரை என் வேலையை யார் எனக்காக வைத்திருப்பார்கள்?

பிசியோதெரபி அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். முட்டி மடங்கி ஒடுங்கக் கூடாது. முழங்கை கீபோர்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். இடுப்புக்குப் பின்னால் இடைவெளி கூடாது. நான் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஆபீசுக்கு ஒரு சுழல் நாற்காலி வந்தது. பாலிதீன் உறையைக் கிழிக்க வேண்டாம், அழுக்காகும் என்றார் மேனேஜர். உறையோடு உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டே போனது. கிழித்துப் போட்டுவிட்டு, அந்த அம்மா சொன்னபடியே உயர்த்தி வைத்தேன். கொஞ்ச நாளிலேயே இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிந்தது.

எப்போதாவது ஆபீசுக்கு வரும் ஐயா அப்புறம்தான் வந்தார். ஐயா என்றால் கரஸ்பாண்டண்ட், பள்ளிக்குச் சொந்தக்காரர். எல்லாரும் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்று என் மேசைக்கு எதிரிலேயே அவர் மேசையைப் போட்டிருந்தார்கள். ஆள் குள்ளம். துண்டு போர்த்திய அவர் நாற்காலியை உச்சிவரை ஏற்றி வைத்திருப்பார்கள், கால் அந்தரத்தில் தொங்கும். அவரைவிட உயரமாக யாரும் உட்காரக் கூடாது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஆண்டு விழா மேடையில் அவர் சோபாவுக்கு அடியில் மட்டும் ஜமுக்காளத்தை மடித்து வைப்பார்கள்.

அன்று சாயங்காலமே மேனேஜர் என்னிடம் வந்தார்.

“ஏம்மா, ஒன் தலை ஐயா தலைக்கு மேல தெரியுது. பாக்க நல்லாவா இருக்கு? எறக்கிக்க.”

“எறக்குனா கால் மரத்துப் போகுது சார்.”

“அவரு இருக்கையில மட்டும் எறக்கிக்கம்மா. யாரு வேணாங்குறா?”

கார் ஹாரன் கேட்டால் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள். நான் லீவரை இழுத்துக் கீழே போய்விட்டு, அப்புறம் எழுந்து நிற்பேன். டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அட்மிஷன் காலத்தில் ஐயா தினமும் வந்து நாள் முழுக்க உட்கார ஆரம்பித்தார். எனக்கு வலி திரும்பிவிட்டது.

அவருக்கும் முதுகுவலி வந்தது. “அந்தப் பொண்ணுக்கு நாற்காலி விஷயம் தெரியுமாமே” என்று என்னைக் கூப்பிட்டார்கள். தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கால்களுக்கு முன்னால் மண்டிபோட்டேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் நாற்காலியை இறக்க வேண்டும். இறக்கினால் நான் இன்னும் கீழே போக வேண்டும். பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வலி என்னவென்று தெரிந்தவளுக்கு அது முடியவில்லை.

“கொஞ்சம் எறக்கணுங்க ஐயா. கால் தரையில படணுங்க.”

மேனேஜர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். ஐயா தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, “சரி, எறக்கு” என்றார். பாதம் தரையில் பட்டதும் “அப்பாடா” என்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பட்டவருக்குப் புரியும் என்று நம்பித்தான் கேட்டேன்.

“எனக்கும் இதே வலிதாங்க ஐயா. என் நாற்காலியக் கொஞ்சம் ஏத்திக்கிறேங்க.”

கண்ணைத் திறக்காமலே சொன்னார். “ஒனக்கென்னம்மா, சின்ன வயசு.”

மறுநாள் என் நாற்காலியைக் காணோம். எவ்வளவு இறக்கினாலும் என் தலை மேலே தெரிகிறதாம். அதற்குப் பதிலாக மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பெஞ்சு வந்திருந்தது. சாய முதுகு இல்லை, முட்டி நெஞ்சை முட்டியது. ஐயாதான் எடுக்கச் சொன்னாரா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

“ஐயா ஒண்ணும் சொல்லலம்மா. நாமளாப் பாத்து நடந்துக்கறதுதான்.”

எனக்கு ஐயாவைவிட இந்த ஆள் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. யாரும் ஏவாமலே என் முதுகை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஐயாவுக்கு வலி விட்டுவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் கைராசியைப் பற்றிச் சொல்கிறார். போன வாரம் ஒரு பெரிய மனிதரைக் கூட்டிவந்து, “முதுகுவலின்னீங்கல்ல? நம்ம பொண்ணு சரி பண்ணிரும்” என்று என்னைக் கைகாட்டினார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் எழப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

“என்னம்மா இது, மரியாத இல்லாம ஒக்காந்திருக்க?” என்றார் மேனேஜர்.