பிடியரிசி மூட்டை

எந்தத் தொழிலுக்கும் கையில் முதல் வேண்டும். பிடியரிசி வாங்கும் தொழிலுக்கு வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் போதும். பொதுக்காரியத்துக்காக வாசல் வாசலாக நின்ற புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாததா?

லண்டன் ராஜாவுக்கு முடிசூட்டு என்று தாலுகா கச்சேரியில் தோரணம் கட்டிய காலம். சீவலப்பேரிக்கு அக்கரையில் ஓர் ஊரில் எங்கள் சங்கம் இலவசப் பள்ளிக்கூடம் நடத்தியது. வாத்தியார் நான். மத்தியானம் கஞ்சி ஊற்றினால்தான் கூலிக்காரர் பிள்ளைகள் வரும். இல்லையென்றால் வயலுக்குப் போய்விடும். நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவன். எங்கள் வேதக்கோயில் வழக்கத்தை ஊருக்குச் சொன்னேன்: உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வையுங்கள், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கோவிந்தா

முதல் சனிக்கிழமையே புரட்டாசியில் வந்து தொலைத்தது. நாமம் போட்டவர்கள் செம்போடு அரிசி வாங்க வரும் நாள் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் படி நிறையக் கொட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சந்தோஷம் அண்ணாச்சி" என்று திரும்பினேன். மனிதருக்கு வந்ததே கோபம்!

"கோவிந்தா சொல்லாம போறீரே, என்ன பக்தி வே இது?"

கஞ்சிப் பானை

பச்சரிசி, புழுங்கல், சம்பா, நொய் எல்லாம் ஒரே மூட்டையில். பச்சரிசி குழைந்து கூழாகும்போது புழுங்கல் பல்லை உடைக்கும். கஞ்சி காய்ச்சும் இசக்கியம்மாள் அகப்பையோடு சண்டைக்கு வந்துவிட்டாள். நானோ பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேரிப் பிள்ளையும் மேலத்தெருப் பிள்ளையும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு ஒரே வரிசையில் குடித்துக்கொண்டிருந்தன. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த அரிசிதான் ஒண்ணா வேக மாட்டேங்கு. பிள்ளைக ஒண்ணா உக்காந்துக்கிடுது, பாத்தீரா!"

கவிழ்ந்த கலயங்கள்

அந்த வரிசைதான் வினையாயிற்று. பெரிய வீட்டு அண்ணாச்சி, ஊரில் பாதி வயலுக்குச் சொந்தக்காரர், இனி ஒரு வீட்டிலும் பிடியரிசி போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை போனால் வீட்டுக்கு வீடு கலயம் கவிழ்ந்து கிடக்கிறது. மாடத்தி என்ற சிறுமி அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். "கஞ்சி இல்லன்னா நாத்துப் பறிக்கக் கூட்டிட்டுப் போயிருதேன் ஐயா" என்றான் அவள் அப்பன். அண்ணாச்சியிடம் போய்க் கெஞ்சினேன். அவர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:

"பந்தியைப் பிரியும் வே, மூட்டை தானா நெறையும்."

சுளகு

பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். "வாத்தியாரே, கொஞ்சம் நில்லும்" என்று உள்ளிருந்து குரல். அண்ணாச்சியின் மனைவி புடைக்கிற சுளகில் அரிசியோடு முன்வாசல் வழியாகவே வந்தார். திண்ணையில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் பார்க்க, என் மூட்டையில் சரித்தார். "நம்ம வீட்டு அரிசி போகக்கூடாதுன்னு சொன்னேம்லா?" என்று அண்ணாச்சி கத்தினார். அந்த அம்மாள் சுளகைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒம்ம அரிசி பானையில கெடக்கு. இது நான் இன்னைக்குத் திங்காத சோறு."

விரதம்

அடுத்த சனிக்கிழமை தெருவுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வாசலுக்கு வாசல் பெண்கள். கையில் சுளகு, கிண்ணம், ஒருத்தி முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தாள். எல்லோருக்கும் அன்றைக்கு விரதமாம்! மாடத்தி நாற்றுப் பறிக்கப் போகவில்லை. கர்த்தரே, இப்படியும் ஒரு ஜனமா என்று கண் கலங்கிப்போனேன். கடைசி வீட்டுக்காரி மட்டும் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள்:

"எந்தச் சாமிக்கு விரதம்னு இவுக கேட்டாக. பேரைச் சொன்னாப் பலிக்காதுன்னுட்டேன்."

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியவன் என்று அந்த ஊர் அண்ணாச்சிமார் இன்றைக்கும் எனக்கு மாலை போடுகிறார்கள். பட்டினி கிடந்தது யாரென்று அவர்களுக்கு எப்படித் தெரியும், அவர்களுக்குத்தான் வேளாவேளைக்குச் சோறு கிடைத்ததே!