சின்னப்பொண்ணுவின் வாக்குமூலம்

நேற்று ஓர் இலாகா விசாரணைக்குப் போயிருந்தேன் - குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் துணையாக. ரிட்டயரான அரசு ஊழியர் அப்படிப் போகலாம். விதியில் இடம் உண்டு. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் கேட்டிராத ஒன்றை அங்கே கேட்டேன்.

அவன் பெயர் கொளஞ்சி. பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி அடைப்பு எடுப்பவன். தலைநகரில் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் வாசம். அவன் மனைவி சின்னப்பொண்ணு, லோதி ரோடில் என் மகனின் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கிறவள். பணி நேரத்தில் கொளஞ்சி குடித்திருந்ததாக மெமோ. வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

போன மாதம் அவள் அதைக் கொண்டுவந்து நீட்டியபோது எனக்கு உற்சாகம் பொங்கியது. ரிட்டயரானவனுக்குப் பிறத்தியார் மெமோவை விட நல்ல டானிக் உண்டா? டாக்டர் பரிசோதிக்கவில்லை, சாட்சி இல்லை. இந்த இரண்டு ஓட்டை போதும், கேஸை இரண்டு வருஷம் இழுக்கலாம். 'குற்றச்சாட்டை முற்றிலும் மறுக்கிறேன்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"பொய் எழுதாதீங்க ஐயா. குடிச்சிட்டுத்தான் போனாரு."

"அதை நாமே ஏம்மா சொல்லணும்? வேலை போயிடும்."

"நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

எழுதிய தாளைக் கீழே வைத்தேன்.

நிதானமாகச் சொன்னாள். முதல் நாள் இறங்கி ஏறியவன் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் போக மாட்டேன் என்று அழுதானாம். கையுறை, பூட்ஸ் எல்லாம் காகிதத்தில் உண்டு, கைக்கு வந்ததில்லை. அவள் கையில் இருந்தது ஒரு டம்ளர்தான். நாலு வருஷமாகத் தினமும் காலையில் ஊற்றுகிறாள்.

"காலையில நான் ஊத்துறது குழிக்கு ஐயா. சாயங்காலம் அவரே ஊத்திக்கிறாரு பாருங்க... அதுதான் பயமா இருக்கு. ரோடு பெருக்குற வேலைக்கு மாத்தச் சொல்லி எழுதுங்க. மிச்சத்த நான் பார்த்துக்கறேன்."

குடி ஒழிப்பு சர்க்குலர்கள் எத்தனை டிராஃப்ட் செய்திருப்பேன்! காரணம் என்ற இடத்தில் 'மன உறுதியின்மை' என்று போடுவது வழக்கம். சாணக்யபுரி தூதரக விருந்துகளில் எங்கள் உயர் அதிகாரிகள் குடித்தது அலுப்புத் தீர. அதற்கு மெமோ கிடையாது. குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுதிய சர்க்குலர் ஒன்றாவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

அவள் சொன்னபடியே எழுதினேன். நேற்று விசாரணை அதிகாரி அதைப் படித்துவிட்டு, வெளியே நின்றவளை உள்ளே கூப்பிட்டார். இப்படிச் சொன்னால் நீயும் உடந்தையாகிவிடுவாய், தெரியுமா என்று கேட்டார். கொளஞ்சி தலையைத் தூக்கவேயில்லை. அவள் தன் கேம்ப் ஹிந்தியில் பதில் சொன்னாள்:

"ஒரு தடவ வந்து அந்த மூடியத் தொறந்து மோந்து பாருங்க சாப். அப்புறம் என் பேரையும் எழுதிக்குங்க."

கையில் வைத்திருந்த விதிப் புத்தகத்தை மூடினேன். அவளுக்குத் துணை எதற்கு? சாதாரணச் சேலையில் நின்றுகொண்டு, தன் தலையையும் சேர்த்துப் பணயம் வைத்து உண்மை பேசுகிற ஒரு மனுஷியை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை.

அதிகாரி ஸ்டெனோவைக் கூப்பிட்டு டிக்டேட் செய்தார் - மெமோவின் மேல் முடிவு பின்னர். அதுவரை கொளஞ்சிக்குச் சாலை பெருக்கும் பணி.

ஆர்டரை வாங்கி இரண்டு முறை படித்தேன். தேதி, நம்பர், கையெழுத்து - எல்லாம் சரியாக இருந்தது.

அந்தக் குழியில் இனி யார் இறங்குவது என்பதற்குத்தான் ஒரு வரியும் இல்லை.