‘டிராப் ஆஃப்’ ஆன மேடம்

கம்பெனி கார் ஓட்டும் அவரை எல்லோரும் ‘பொறுமை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் ஹாரன் அடித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். படிப்பு எட்டாவதோடு சரி. இங்கிலீஷ் எல்லாம் பின்சீட்டில் ஏறியவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. பிக்கப், டிராப், வெயிட்டிங்: பிழைப்புக்கு அது போதும் என்றிருந்தார்.

ஃபேக்டரி பாய்லரைச் சோதிக்க வந்த மேடத்தை ஒருநாள் விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டார். தமிழ் தெரியாதவர், இரண்டு விமானம் மாறி வந்ததில் முகம் வாடியிருந்தது. போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். பெல்ட்டை மாட்டியதும், “ஐ மே டிராப் ஆஃப்” என்றார் மேடம். வழியில் எங்கோ இறங்கப்போகிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். எங்கே என்று கேட்பதற்குள் மேடம் கண்ணை மூடிவிட்டார்.

ஒரு மருந்துக்கடை வந்தது. இங்கேதானோ என்று ஓரங்கட்டி, கதவைத் திறந்து பவ்யமாக நின்றார். மேடம் விழித்து, திருதிருவென்று பார்த்து, தலையாட்டிவிட்டு மறுபடி தூங்கினார். அடுத்து ஒரு ஹோட்டல் வாசல். அப்புறம் ஒரு பாங்க். ஃபேக்டரி வந்தபோது மேடத்தின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

சாப்பிடும்போது பொறுமை வீட்டில் இதைச் சொன்னார். கால் சென்டரில் வேலை பார்க்கும் மச்சினிக்குப் புரையேறிவிட்டது.

“மாமா, யாரையாவது டிராப் ஆஃப் பண்ணா இறக்கிவிடுறது. நானே டிராப் ஆஃப் ஆயிடுவேன்னா, அசந்து தூங்கிடுவேன்னு அர்த்தம்.”

“டிராப்னா விழுறது. அதுல தூக்கம் எங்கேருந்து வந்துச்சு?”

பதில் மனைவியிடமிருந்து வந்தது. “டிவி முன்னாடி தினமும் தூங்கி விழுறீங்களே, எங்கேருந்து விழுறீங்க?”

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

மூன்றாம் நாள், மேடத்தைத் திரும்ப ஏற்றியபோது, மச்சினி சொல்லிக்கொடுத்த வரியை ஒப்பித்து மன்னிப்புக் கேட்டார். மேடத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டிரைவருக்கு வயிறு சரியில்லை, அதனால்தான் நின்று நின்று போகிறார் என்று நினைத்தாராம். வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். பிறகு வழிநெடுகத் தூங்கினார். இவர் பள்ளம் மேடு பார்த்து ஓட்டியும், சீக்கிரமே கிளம்பியிருந்ததால் ஒரு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் வந்துவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை. நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர், காற்றுக்குத் தானும் கண்ணயர்ந்தார்.

வாட்ச்மேன் வந்து கூரையைத் தட்டியதும் இரண்டு பேரும் ஒன்றாகத் துள்ளி எழுந்தார்கள். நல்லவேளை, இன்னும் நேரம் இருந்தது. மேடம் முன்பக்கம் எட்டிப் பார்த்து, “யூ டூ?” என்றார்.

“யெஸ் மேடம்” என்று அசடு வழிந்துகொண்டே பெட்டியை எடுக்கப் போனார் பொறுமை.