சுவர் எழும்பாத எட்டடி

எல்லையை அளந்து காட்டும்படி பட்டாதாரர் மனுக் கொடுத்தால், பக்கத்து மனைக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி, சர்வேயர் நேரில் வந்து சங்கிலி பிடித்து, காணாமற்போன கல்லுக்குப் பதிலாக வேறு கல் நட்டு, முடிவை மனுதாரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாமதம் கூடாது. வடக்கே வேறொரு ஜில்லாவின் தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துத் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை எத்தனையோ குடியானவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். என் கூடப்பிறந்த அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். அதைக் கேட்டு நடந்ததால் அக்கா இரண்டு விரல்களை இழந்தார். அக்காவின் கடையில் வியாபாரம் செய்த ஒருவர் உயிரை இழந்தார்.

முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தைகளை எதிர்பார்ப்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அக்காவின் வாழ்வில் நல்ல வார்த்தைகளைவிடச் செங்கல்லும் அரிவாளும்தான் அதிகம் பறந்தன. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அச்சன்புதூரில், நெல் விவசாயக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது கடையத்தில். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தபின் அத்தான் வாந்திபேதியில் மூன்றே நாளில் போய்விட்டார்கள். கூட்டுக் குடும்பத்துச் சொத்தில் விதவைக்குச் சோறு உண்டு, பாகம் கிடையாது என்று அத்தானின் அண்ணன் சொன்னார். அவர் சட்டம் படித்தவரல்லர். ஆனாலும் அன்றைய சட்டத்தைப் பிழையில்லாமல் சொன்னார். அதோடு நிறுத்தாமல், பிறந்த வீட்டார் போட்ட நகைப் பெட்டியையும் எடுக்கக் கை நீட்டினார். அந்த இடத்தில் சட்டம் அக்கா பக்கம். அக்கா சட்டத்தைச் சொல்லாமல் அரிவாள்மணையைத் தூக்கினார். பெட்டியோடும் பெண்களோடும் அச்சன்புதூர் வந்து சேர்ந்தார்.

நகையை விற்று வயல் வாங்கும்படி எல்லாரும் சொன்னார்கள். அக்கா தென்காசியில், ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கு வண்டிகள் புறப்படும் சாலையோரம், கருவேல முள் மண்டிக் கிடந்த ஒரு மனையைப் பார்த்து வைத்திருந்தார்.

"ஏட்டி, நெல்லு வெளையாத மண்ண எவளாது காசு குடுத்து வாங்குவாளா?" என்றார் சித்தப்பா.

"வயலுக்கு மழை பெய்யணும், ஆத்துல தண்ணி வரணும், குத்தகைக்காரன் மனசு வைக்கணும் சித்தப்பா. கடைக்கு ஆளு நடந்தாப் போதும்."

"அப்பம் குத்தாலத்துலயே வாங்க வேண்டியதுதான? சனம் பூராவும் அங்கனதான போகுது."

"குத்தாலத்துல மூணு மாசம் கூட்டம், ஒம்பது மாசம் கொரங்கு. கொரங்கு வாடகை குடுக்குமா?"

இந்தப் பதிலை அக்கா வாய்க்கு வந்தபடி சொல்லிவிடவில்லை. ஆடியில் ஒரு வாரம், மாசியில் ஒரு வாரம், அந்த முள்மனைக்கு எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைக் கணக்கெடுத்திருந்தார். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கித்தான் வண்டி மாறினார்கள். சாரல் முடிந்தபின் சுரண்டை, கடையம் பக்கத்து நெல்வண்டிகள் அதே இடத்தில்தான் மாடு அவிழ்த்தன. வருஷம் முழுவதும் ஆள் நிற்கிற இடம் அது.

மூன்று கடைகள் கட்டினார். ஒன்று எண்ணெய்க்கடை, ஒன்று வெற்றிலை பாக்குக் கடை, ஒன்று வண்டிக் கயிறும் சாட்டையும் விற்கிற கடை. ஒரே வியாபாரத்துக்கு இரண்டு பேரைக் குடிவைக்க மாட்டார். இரண்டு பேரும் சேர்ந்து கெடுவார்கள் என்பார். அதிக வாடகை தருகிறவரை விட்டுவிட்டு, அதிக ஆளை நிறுத்துகிறவரைத் தேர்ந்தெடுப்பார். ஒரு கடையின் வாடகையில் குடும்பம் நடந்தது. மற்ற இரண்டு கடைகளின் வாடகையை ஒருபோதும் தொட்டதில்லை. அது ஓடாகவும் செங்கல்லாகவும் மாறிக்கொண்டிருந்தது. தன் காலத்துக்குப் பிறகு தன் பெண்கள் எந்த வீட்டிலும் சோற்றுக்குக் கை நீட்டக்கூடாது. அக்காவுக்கு அந்த ஒரு எண்ணம்தான். நாலாவது கடைக்காக மேற்கே எட்டடி அகலத்தை ஒதுக்கி வைத்தார்.

அந்த எட்டடியில்தான் ரத்தம் சிந்தியது.

மேற்கு மனை ஒரு மரக்கடைக்காரருடையது. செங்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து வருகிற மரத்தடிகளை இழுக்க அவருக்கு அகலமான வழி வேண்டியிருந்தது. முதலில் கேட்காமல் இழுத்தார். பிறகு எல்லைக்கல் காணாமற்போனது. கல் இருந்த குழியில் மரத்தூள் நிரப்பியிருந்தது. இதைவிடத் தெளிவாக ஒருவர் கையெழுத்துப் போட முடியாது.

அக்கா போய்க் கேட்டார்.

"பொம்பளைக்கு எதுக்குட்டி எட்டடி? ஆறடி போதும். அதுவும் கடைசில" என்றார் மரக்கடைக்காரர்.

"ஆறடி ஒமக்கும் உண்டும் அண்ணாச்சி. அது ஒம்ம மனையில இருக்கட்டும்."

மறுவாரம் செங்கல் வந்து இறங்கியது. பொங்கல் லீவில் நான் ஊருக்கு வந்திருந்தேன். கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நிறுத்தினேன்.

"எல்லைக்கல்லு இல்லாம சுவர் வைக்கக் கூடாதுக்கா. சர்வேக்கு மனுப் போடுவோம். மனு நிலுவைல இருக்கும்போது கை வைச்சா நம்ம பக்கம் குத்தமாயிரும்."

"நாளைக்குச் சாயங்காலம் சுவர் எந்திரிச்சிரும்லே. அவன் கை வைக்க மாட்டானா?"

"வைச்சா அவன் குத்தம்."

"குத்தம் அவனுக்கு. அடி யாருக்கு?"

இதற்கு விதியில் பதில் இல்லை. நான் மனுவை எழுதினேன். ஸ்டாம்பு ஒட்டி, நகல் வைத்து, ஒப்புகை பெற்று, ஒரு குறையும் இல்லாமல் எழுதினேன். படித்த தம்பியின் பேச்சை மீறக்கூடாது என்று அக்கா கொத்தனாரை அனுப்பிவிட்டார். செங்கல் அடுக்கியபடியே அந்த எட்டடியில் கிடந்தது. தை போய், பங்குனி போய், ஆனியும் போனது. சர்வேயர் வரவில்லை.

ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மரக்கடையிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். வெறுங்கையோடு வந்தார்கள் என்று பின்னால் அவர்கள் வக்கீல் வாதாடினார். ஓரளவு உண்மைதான். எறிவதற்கு வேண்டியதை நாங்கள் அங்கேயே அடுக்கி வைத்திருந்தோம். சுவராக நின்றிருக்க வேண்டிய செங்கல், ஒவ்வொன்றாகக் கடைகள்மேல் வந்து விழுந்தது. ஓடு நொறுங்கியது. வெற்றிலைக் கடைக்காரருக்குக் காது கிழிந்தது. குற்றாலத்துக்கு வண்டி பிடிக்க நின்ற ஜனம் சிதறி ஓடியது.

எண்ணெய்க்கடை அண்ணாச்சி சுரண்டைக்காரர். உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் அந்த எட்டடியில் இறங்கி நின்றார்.

"ஏலே, கடைக்குள்ள பொம்பளையாளு நிக்காவ. கல்லக் கீழ போடுங்கலே."

அடுத்த கல் அவர் நெற்றியில் விழுந்தது. விழுந்தவரை இரண்டு பேர் கோடாலிக் காம்பால் அடித்தார்கள். எண்ணெய்ச் சாடிகள் உடைந்து, நல்லெண்ணெய் அவரைச் சுற்றி ஓடியது. அக்கா கடைக்கதவுப் பலகை ஒன்றை உருவி அவர்மேல் கேடயம்போலப் பிடித்தார். அரிவாள் ஒன்று பலகையின் ஓரத்தில் இறங்கியது. அக்காவின் இடது கை விரல்கள் இரண்டு அங்கேயே விழுந்தன. அந்தப் பலகையாலேயே அரிவாள்காரனின் முகத்தில் அக்கா அடித்தார். அவனுக்கு முன்பற்கள் போயின. எண்ணெயில் வழுக்கி விழுந்த இன்னொருவனின் முழங்காலில் எடைக்கல்லைப் போட்டார். மற்றவர்கள் ஓடினார்கள்.

தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்த அன்று காலையில்தான் எண்ணெய்க்கடை அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். அக்கா கட்டுப்போட்ட கையோடு அடுத்த அறையில் படுத்திருந்தார்.

"உன் மனு எங்கனலே நிக்கி?"

"சர்வே ஆபீசுல இருக்குக்கா."

"அதுக்கு அடி ஒண்ணும் படலியே?"

வழக்கு நடந்தது. ஏழு பேரில் நாலு பேர் ஜெயிலுக்குப் போனார்கள். மரக்கடைக்காரர் அன்று ஊரிலேயே இல்லை என்று பெரிய மனிதர்கள் மூவர் சத்தியம் செய்தார்கள்.

கடைகளை விற்றுவிடும்படி உறவினர்கள் சொன்னார்கள். இந்த மலரைப் படிப்பவர்களில் சிலரும் சொன்னீர்கள். மரக்கடைக்காரரே ஆள் விட்டு விலை கேட்டார். "வித்தா ஒரு தடவதான் சாப்பிடலாம்" என்று அக்கா அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார். இறந்தவரின் சம்சாரத்தை வரவழைத்து எண்ணெய்க்கடைச் சாவியை அவர் கையில் கொடுத்தார். "கடைய அடைச்சிட்டா அவன் ஜெயிச்சிருவான்ட்டி. உக்காரு" என்றார். அந்த அம்மாள் உட்கார்ந்தார்கள். பல வருஷம் அவர்கள் இருந்த மணைக்குக் கீழே ஓர் அரிவாள் கிடந்தது.

கிழக்கேயும் பின்னாலும் அக்கா மேலும் மூன்று கடைகள் எழுப்பினார். இரண்டு பெண்களையும் ஆளுக்கு மூன்று கடை எழுதி வைத்துக் கட்டிக்கொடுத்தார். யுத்தம் வந்து ஊரெல்லாம் கடைக்கு அலைந்தபோது, வயல் வாங்கச் சொன்ன சித்தப்பாவின் பேரன் வந்து இடம் கேட்டு நின்றான். ஆனால் அந்த எட்டடியில் மட்டும் அக்கா ஒரு கல்லும் வைக்கவில்லை. கொத்தனார் கேட்டால், "தம்பி மனுப் போட்டிருக்கான். பதில் வரட்டும்" என்பார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். மீதி மூன்று விரல்களால் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே கேட்பார்: "பதில் வந்திட்டாலே?"

நான் நினைவூட்டு மேல் நினைவூட்டு எழுதினேன். மனு இருந்த காகிதக் கட்டு, மனையின் பழைய புலப்படம் கேட்டு மேலாபீசுக்குப் போயிருந்தது. புலப்படம் வந்தபோது கட்டைக் காணோம். சிவில் கோர்ட்டுக்குப் போகலாமென்றால் அவர்கள் சர்வே நகல் கேட்டார்கள். நகல் தர வேண்டுமானால் மனு முடிய வேண்டும். இப்படியெல்லாம் மற்றவர்களை நான் அலையவிட்டிருக்கிறேன். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இடையில் ஒருநாள் மரக்கடைக்காரர்மேல் அவருடைய தடியே உருண்டு நெஞ்சை நசுக்கியது. அவர் வாசலை மரம் அடைத்திருந்ததால், அந்த எட்டடி வழியாகத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "வழி விடுங்கலே" என்று கடைக்காரர்களை விலக்கியது அக்காதான். மரக்கடைக்காரர் பிழைக்கவில்லை. அவர் பிள்ளைகள் அந்த எட்டடிமேல் உரிமையை விடவுமில்லை.

சென்ற மாசியில் அக்கா படுத்துவிட்டார். கடைசி நாளன்று என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

"பதில் வந்திட்டாலே?"

உத்தியோகத்தில் நான் பொய்க் குறிப்பு எழுதியதில்லை. அன்று சொன்னேன்: "வந்திட்டுக்கா. நம்ம மண்ணுதான்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நம்பர் என்னலே?"

எத்தனை ஆயிரம் கடிதங்களுக்கு நம்பர் போட்டவன் நான். ஒரு நம்பர் வாயில் வரவில்லை. அக்கா சிரித்தார். சிரித்த முகத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாசி மூன்றாம் தேதி மாலை உயிர் பிரிந்தது.

வெட்டுப்பட்ட அன்று அக்காவையும் அண்ணாச்சியையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்சென்று இன்றுவரை கூலி வாங்காத குதிரைவண்டிக்காரருக்கும், கையைத் தைத்த டாக்டருக்கும், பயப்படாமல் சாட்சி சொன்ன வெற்றிலைக் கடைக்காரருக்கும், கடைசிப் பத்து நாளும் அக்காவின் தலைமாட்டைவிட்டு நகராத எண்ணெய்க்கடை அம்மாளுக்கும், காகிதப் பஞ்சத்தில் இந்த மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எண்ணெய்க்கடை அண்ணாச்சியின் குடும்பத்தாரிடம் நான் நன்றி சொல்லித் தப்பிக்க முடியாது. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மேற்படி மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. தாவாவிலுள்ள எட்டடி அகலமும் மனுதாரருடைய பட்டாவில் அடங்கியது என்றும், அவர் அதில் சுவர் எழுப்பிக்கொள்ளத் தடையில்லை என்றும் கண்டிருக்கிறது. நம்பர் போட்டிருக்கிறது. தபால்காரர் அதை அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தது, மாசி பதினெட்டாம் தேதி, பதினாறாம் நாள் காரியப் பந்தலில்.