மகளோட முதல் பல்லும் வீடியோ காலும்

மூணு நாளா ஆடிக்கிட்டிருந்த என் மகளோட முதல் பால்பல்லு இன்னைக்கு விழுந்துருச்சு. நான் தொடப்போனா, "நீ பிடுங்குனா வலிக்கும்மா"ன்னு வாயைப் பொத்திக்குவா.

சாயங்காலம் அவ அப்பா துபாய்லேர்ந்து வீடியோ கால்ல வந்தாரு. அங்கிட்டு உக்காந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னாரு. இவளே பிடுங்கி கேமராவுல காட்டுறா.

அஞ்சு வருசமா அந்தப் பல்லை வெளக்கிவிட்டது யாருங்க?

சாணியில உருட்டிக் கூரையில எறிஞ்சாத்தானே புதுப்பல்லு நல்லா மொளைக்கும். அதுக்காச்சும் என்கிட்ட வருவான்னு, இந்த அறந்தாங்கி டவுனுல ரெண்டு தெரு தள்ளிப் போய் சாணி வாங்கியாந்தேன்.

"அப்பா லீவுல வந்து எறியட்டும்"னு பல்லை டப்பாவுல போட்டு மூடிட்டா.

கையில சாணியோட நிக்கிற என்னைப் பார்த்து அவரு போன்ல சிரிக்கிறாரு.

பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பிச்சிருச்சு. நாளையிலேர்ந்து எங்க வீட்டுல வைஃபை வேலை செய்யாதுங்க.