எண்பத்து மூன்றாவது துப்பாக்கி

இது பொய் என்று யாராவது நிரூபித்தால் றோசமலர் அவர்களுக்குக் கோடி நன்றி சொல்வாள். ஆனால் நடந்தது. 1996 ஆவணி ஒன்பது. இத்தாலியின் பலேர்மோ நகரில், பட்டப்பகலில்.

மன்னாரிலிருந்து வந்த றோசமலர், லிபெர்த்தா பகுதியில் கொறாடோ என்ற கிழவரைப் பராமரித்து வந்தாள். பக்கவாதம். ஆறு வருடமாக அவர் எழுந்து நின்றதில்லை. பேச்சும் இல்லை.

அன்று காலை அவருடைய தம்பி மகன் சால்வோ, தடித்த பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலருகே மேசையில் வைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலாட்படைக் கம்பனி ஒன்றின் ஆயுதப் பதிவேடு. வரிக்கு ஒரு சிப்பாய். அவனுடைய துப்பாக்கி இலக்கம், தோட்டாப்பை, சப்பாத்து, எல்லாம் திரும்பி வந்தனவா என்ற விபரம். எழுதியவர் கொறாடோவின் பாட்டனார். மறுநாள் அதை மியூசியத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுச் சால்வோ போனான்.

பிற்பகல் 2.20. வெயிலுக்கு யன்னல்களைச் சாத்தினாள். வாசல் பூட்டியிருந்தது.

அறைக்கு வெளியே நடையில்... டக்.

துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஊன்றும் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. டக். நடை வெறுமையாகத்தான் கிடந்தது. அவள் எண்ண நினைக்கவில்லை. வாய் தானாக எண்ணியது.

எண்பத்திரண்டில் நின்றது.

யாரோ காத்திருப்பதுபோல் அமைதி...

"எண்பத்து மூன்று," என்றார் கொறாடோ. தெளிவாக.

எழுந்தார். நின்றார். பாரமான எதையோ இரு கைகளிலும் ஏந்தியபடி நடந்தார்.

பிடிக்க ஓடவேண்டும். கால் அசையவில்லை. "மாதாவே" என்று கூப்பிடவும் நாக்கு எழவில்லை.

நடையில் கைகளை நீட்டினார்.

டக்.

விழுந்தார். மணி 2.51.

அப்போதுதான் அவளுக்குக் கால் வந்தது.

"யார் இவரைக் கட்டிலிலிருந்து இறக்கியது?" என்று பொலிஸ்காரர் கேட்டார். அவரே நடந்தார் என்றாள். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. மாரடைப்பால் வந்த சாவு என்று டொக்டர் சொன்னதால் விட்டார்கள்.

"நீர் கண்ணயர்ந்திருப்பீர்," என்றான் புருஷன் பெனடிக்ற்.

"இல்லையப்பா. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஒண்டும் செய்யேலாமல் நிண்டனான்."

மூன்று கிழமை கழித்துச் சால்வோ போன் எடுத்தான். அந்தக் கம்பனியில் எண்பத்து மூன்று பேராம். ஒரே பிற்பகலில் எண்பத்திரண்டு பேர் செத்தார்களாம். உயிரோடு வீடு வந்தவர் பாட்டனார் மட்டும். தன் துப்பாக்கியும் போரில் தொலைந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

'தொலைந்தது' என்ற அந்தச் சொல் இப்போது வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில், "திரும்பப் பெறப்பட்டது. 9 ஆவணி 1996." பாட்டனாரின் கையெழுத்து.

மியூசியத்தில் சோதித்துப் பார்த்தார்களாம்.

அந்த வரியின் மை நூற்று முப்பது வருடப் பழசாம்.