இருக்கட்டுங்க என்று சொல்லி வந்த டிவி

எதையும் பார்த்தவுடன் நல்லது என்று நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் பிழைப்பே அப்படி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் டெஸ்டிங் லேப்பில் வேலை பார்த்தேன். கறுப்பு அட்டையில் நூலை வரிவரியாகச் சுற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளில் வைத்தால் எந்த நூலும் யோக்கியமாகத்தான் தெரியும். கறுப்பில் வைத்தால்தான் முடிச்சு, பிசிறு, மெலிந்த இடம் எல்லாம் வெளியே வரும். பழுது தெரிந்தால் அந்த நூல் சுற்றிய கோனின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுத் தனியாகத் தள்ளிவைப்பேன். பெண் பார்க்கப் போன வீட்டிலும், என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "ஒரு முடிச்சு இருந்தாலும் என்ற கண்ணுக்குத் தப்பாதுங்க, கோனையே தள்ளிப்போடுவனுங்க" என்று பெருமையடித்தேன். பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அவள் சோமனூர்ப் பக்கத்துப் பெண். வீட்டோடு ஒட்டி ஆறு விசைத்தறிகள். சின்ன வயதிலிருந்தே தறியில் நின்றவள். அந்த வீட்டுக்குள் போனால் இடி இறங்குவது போலிருக்கும். யாரும் யாருக்கும் காது கொடுக்க மாட்டார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். மாமனார் கூடத்தின் இந்தக் கோடியில் நின்று உதட்டை அசைத்தால், அந்தக் கோடியில் மாமியார் சிரிப்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று சந்தேகப்பட்டேன்.

கல்யாணமாகி, மில்லில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லைன் வீட்டுக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்தில் எனக்கு இன்னொரு உத்தியோகமும் சேர்ந்துகொண்டது. புதுப் படம் வந்தால் போகலாமா, வீடியோ டெக் வாங்கலாமா, எந்த டேப் ரெக்கார்டர் நிற்கும் என்று என்னிடம் கேட்பார்கள். எல்லாவற்றையும் குறை சொல்கிறவன் ஒன்றை நல்லது என்று சொன்னால் அது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

படத்துக்கு என்னிடம் ஒரு முறை உண்டு. போஸ்டரை நம்ப மாட்டேன். மூன்றாவது வாரம் என்று ஒட்டியிருந்தால், பசை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். படம் பார்த்தவர்களைக் கேட்டும் பிரயோசனம் இல்லை. "எப்படிங்க படம்?" என்றால், எங்கள் ஊரில் எவரும் மோசம் என்று சொல்ல மாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். நான் மாட்டிக்கொண்டேன், நீயும் மாட்டிக்கொள் என்று அதற்கு அர்த்தம். அதனால் மேட்னி விடுகிற நேரத்துக்குத் தியேட்டர் வாசலில் போய் நிற்பேன். நல்ல படமென்றால் ஜனங்கள் வெளியே வந்து அங்கேயே நின்று பேசுவார்கள். மோசமென்றால் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே ஓடுவார்கள். பேச்சைக் கேட்காதே, காலைப் பார் என்பது என் கட்சி.

இவ்வளவு கெட்டிக்காரனான எனக்கு வாய்த்த மனைவிக்கோ எந்தப் படமும் நல்ல படம்தான். பாதிப் படத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவள் வெளியே வந்து, "நல்லா இருந்துச்சுங்க" என்பாள். பாவம், விவரம் தெரியாதவள் என்று விட்டுவிட்டேன். அவளுக்குப் பிடிக்காதவை இரண்டே வகை. ஒன்று, டப்பிங் படம். மற்றது, பம்பாயிலிருந்து வந்த கதாநாயகிகள் நடித்த படம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கதாநாயகிகள்தான் அதிகம். "அந்தப் புள்ள என்ன பேசுதுன்னே புரியலீங்க" என்பாள். தெளிவான தமிழில் இன்னொருத்தி குரல் கொடுத்திருப்பாள், இவளுக்கு என்ன புரியவில்லை? அந்தப் பெண்ணின் வெள்ளைத் தோல்மேல் இவளுக்குப் பொறாமை என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புவாள். வேண்டுமென்றே செய்கிறாள், வீம்பு என்று நினைத்தேன். ஆனால் எதிரே போய் நின்றால் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நாலாவது வருஷம் அந்த டிவி விற்பனைக்காரர் வந்தார். மெட்ராஸ்காரர். ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வெயிலிலும் டை கட்டியிருந்தார். புதுக் கம்பெனி ஒன்றின் கலர் டிவி, இரண்டு பக்கமும் தனியாகக் கழற்றி மாட்டுகிற ஸ்பீக்கர்.

"ஒரு வாரம் வீட்ல வெச்சுப் பாருங்க சார். பிடிச்சிருந்தா வெச்சுக்கலாம், இல்லேன்னா நானே வந்து எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

சும்மா ஒருவன் ஒரு வாரத்துக்கு டிவியைக் கொடுப்பானா? என் மண்டைக்குள் மணி அடித்தது. கூடவே ஒரு டெக்கும் கேசட்டும் கொண்டுவந்திருந்தார். போட்டால், கிளி, ரோஜாத் தோட்டம், அருவி, மறுபடி கிளி. எல்லாக் கடையிலும் இதே கிளிதான். கிளியைக் காட்டினால் எந்த டிவிதான் அழகாகத் தெரியாது? வெள்ளைத் தாளில் வைத்த நூல்தான் இது. அவர் போனதும் கேசட்டை எடுத்துவிட்டு, வாடகைக்குக் கொண்டுவந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டேன். இருட்டில் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு வருகிற காட்சி. இருட்டு இருட்டாகவே இருந்தது. குடையின் விளிம்பு தனியாகத் தெரிந்தது. குறை சொல்ல முடியாததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

குறை மூன்றாம் நாள் கிடைத்தது. ஷிப்ட் முடிந்து வருகிறேன், தெருமுனையிலேயே எங்கள் வீட்டு டிவி கேட்கிறது. உள்ளே போனால், சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிவைத்துக்கொண்டு அவள் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் அம்மணி, இத்தன சத்தம்?" என்றேன்.

"பத்தலீங்களே" என்றாள்.

மறுநாளும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏனுங்ணா, உங்கூட்டு டிவி அருமைங்க. எங்கூட்ல ஒண்ணு வாங்க வேண்டியதே இல்லீங்க" என்று சிரித்தார். காது கிழிகிறது என்று எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது. மெட்ராஸ்காரர் இவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு புகழச் சொல்லியிருப்பாரோ? பொண்டாட்டி சத்தம் பத்தவில்லை என்கிறாள், இவர் அருமை என்கிறார். யாராவது ஒருவர் பொய் சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் மட்டம், போகப்போக இன்னும் அமுங்கிவிடும் என்று முடிவு கட்டினேன். அவளுக்குக் கேட்கவில்லை என்று அவளே சொல்லியும், அந்தச் சொல்லை டிவியின் கணக்கில் எழுதினேன்.

வாரக் கடைசியில் அவர் வந்தார். வாசலில் நின்றபடியே, "செட் எப்படி சார்?" என்று ஆவலாகக் கேட்டார்.

முகத்துக்கு நேரே வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் ஆகாது. பந்தியில் இன்னொரு கரண்டி குழம்பு வந்தாலும், பொண்ணுக்குப் பிடிக்காத வரன் வந்தாலும் ஒரே பதில்தான். நானும் அதையே சொன்னேன்: "இருக்கட்டுங்க."

அவர் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப தேங்க்ஸ் சார். இந்த ஊர்ல இதான் சார் என் முதல் செட்" என்று சொல்லி, டெக்கை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டிவி அங்கேயே இருந்தது. மறந்துவிட்டார், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார், வாரண்டி அட்டையோடும் ஒரு ஸ்வீட் டப்பாவோடும்.

எனக்கு வந்ததே கோபம். "யாரு காதுல பூச்சுத்தறீங்க? நான் எப்பங்க வாங்கறேன்னு சொன்னேன்?"

"நீங்கதானே சார், இருக்கட்டும்னீங்க?"

"இருக்கட்டும்னா வேண்டாம்னு அர்த்தமுங்க!"

அவர் திகைத்துப்போய் நின்றார். எனக்குப் பாவமாகத் தெரியவில்லை, நடிப்பாகத்தான் தெரிந்தது. "ஸ்பீக்கர் மட்டமுங்க. முழுசா ஏத்தி வெச்சாலும் சத்தம் பத்தறதில்ல. எங்கூட்டம்மணியவே கேளுங்க" என்றேன். அவள் டிவிக்கு எதிரே பாயில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் சண்டையில் கலந்துகொள்ளாமல், அவ்வப்போது திரும்பி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி டிவியைப் பார்த்தாள்.

"ஒயர் லூஸா இருக்கும் சார், பாத்துடலாம்" என்று அவர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவிக்குப் பின்னால் மண்டியிட்டார். ஒரு ஸ்பீக்கரின் ஒயரை உருவினார். பிறகு இன்னொன்றை. வீடு சட்டென்று அமைதியானது. செய்தி வாசிக்கிற அம்மாள் திரையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சண்டையை முடித்துவைக்கிற சிரிப்பு. "இப்ப சத்தம் சரியா இருக்குங்க. அந்தம்மா எத்தன தெளிவாப் பேசுது பாருங்க" என்றாள்.

மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மேடம், ஸ்பீக்கர் இன்னும் மாட்டலை" என்றார் அவர். அவள் திரும்பவில்லை. "மேடம்?"

அந்த ஒரு கணத்திலும் என் புத்தி, இவர்கள் இரண்டு பேரும் கூட்டா என்றுதான் ஓடியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மூன்றாம் தடவை திரும்புவது. டப்பிங் படம். குரல் ஒருத்தி, உதடு இன்னொருத்தி. பெண் பார்க்கப் போன அன்று என் முகத்தைவிட்டு எடுக்காத கண்கள். மெட்ராஸ்காரர் என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு ஒயர்களை மறுபடி மாட்டினார்.

சத்தம் திரும்பியதும் அவள் உடம்பில் ஒரு அதிர்வு. என் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்துவிட்டோம் என்று புரிந்துவிட்டது. எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பின்னால் போய் நின்று, "அம்மணி" என்றேன். மெதுவாக, இரண்டு தடவை. அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். முன்னால் போய் நின்றேன்.

"எப்பருந்து?"

"தறில நிக்கறப்பவேங்க. சத்தம் இரைச்சலாக் கேக்குமுங்க, வார்த்தைதான் புரியாது. இப்ப இரைச்சல் நின்னதும் சரி பண்ணிட்டாங்கன்னு நினைச்சுட்டேனுங்க. மூஞ்சியப் பாத்தாப் புரிஞ்சுக்குவேன்."

"அப்புறம் எல்லாப் படமும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னே?"

"நீங்க ஆசையாக் கூட்டிட்டுப் போனீங்க. நல்லா இல்லேன்னு எப்படிங்க சொல்றது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். "ஒரு முடிச்சு இருந்தாலே கோனத் தள்ளிப்போடுவேன்னு, பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொன்னீங்களே" என்றாள்.

நாலு வருஷமாக இந்தப் பெண் என் வீட்டில் பயந்துகொண்டே குடித்தனம் செய்திருக்கிறாள். ஊரில் இருக்கிற போஸ்டரை எல்லாம் தொட்டுப் பார்த்தவன் நான்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "சார், நான் செட்டை எடுத்துட்டுப் போயிடறேன் சார்."

"இருக்கட்டுங்க" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கி, "எந்த இருக்கட்டும் சார்?" என்று கேட்டார்.

"இங்கயே இருக்கட்டும்" என்று தெளிவாகச் சொன்னேன்.

டாக்டரிடம் காட்டினோம். காது மிஷின் வாங்கிப் போட்டதில் தறி ஓடுகிற மாதிரி இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் படம் பார்க்கிற முறை மாறிவிட்டது. டப்பிங் படமோ, பம்பாய்க் கதாநாயகி படமோ போட்டால், நான் டிவியை ஒட்டி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வசனத்தைக் கேட்டுக் கேட்டு உதட்டை அசைத்துச் சொல்வேன். கதாநாயகியாகவும் வில்லனாகவும் நானே. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார். என்னிடம் அபிப்பிராயம் கேட்பவர்களும் குறைந்துபோனார்கள். எந்தப் படத்தையும் நான்தான் பார்ப்பதில்லையே.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று மணி நேரப் படம். தாடை வலிக்க வலிக்க ஒரு வசனம் விடாமல் சொல்லி முடித்தேன். திரையில் வணக்கம் போட்டதும், "எப்படி அம்மணி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"நல்லாவே இல்லீங்க" என்றாள்.